வாய்க்குள்ளே ஒரு தொட்டில்!



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாமா? மூன்று வாரம் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் உங்களால் இருக்க முடியுமா? அதுவும், வாய் நிறைய ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, அதை விழுங்காமல், துப்பாமல்?

'மத்தியான மணி அடிக்கிற வரைக்கே பொறுக்க முடியாது சார்!' என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் இருந்தவனாயிற்றே!

ஆனால், என் விரல் நீளமே இருக்கும் ஒரு மஞ்சள் மீன் அதைச் செய்தது. எங்கோ கடலில் அல்ல. எங்கள் வீட்டு முன் அறையில், நானும் என் பேரனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தது. அந்த மீனின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கூடவே, நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்லப் போகிறேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்க வேண்டும். சரிதானே?

எந்த ஊர் மீன்?

அட்லஸை எடுத்து ஆப்பிரிக்காவைப் பாருங்கள். கிழக்குப் பக்கத்தில் மூன்று பெரிய ஏரிகள் தெரியும். விக்டோரியா, டாங்கனிகா, மலாவி. எங்கள் மஞ்சள் மீனின் பூர்வீகம் மலாவி ஏரி. மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்று மூன்று நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன.

ஏரி என்றதும் உங்கள் ஊர் ஏரியை நினைத்துவிடாதீர்கள்! மலாவி ஏரியின் நீளம் 560 கிலோ மீட்டருக்கும் மேல். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு நேர்கோடு போடுங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு நீளம். ஆழமோ, மிக ஆழமான இடத்தில் 700 மீட்டர். இரவில் மீனவர்கள் படகுகளில் விளக்கு ஏற்றி வைத்து மீன் பிடிப்பார்கள். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரில் நட்சத்திரங்கள் மிதப்பது போல இருக்குமாம். அதனால் 'நட்சத்திர ஏரி' என்ற செல்லப் பெயரும் அதற்கு உண்டு.

இந்த ஏரிக்கு முன்பு 'நியாசா ஏரி' என்று பெயர். 1859ல் டேவிட் லிவிங்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துப் பயணி அங்கே போனார். அங்குள்ள மக்களின் பேச்சில் 'நியாசா' என்றாலே ஏரி என்றுதான் அர்த்தம். ஆக, 'நியாசா ஏரி' என்றால் 'ஏரி ஏரி'! வேடிக்கையாக இல்லை?

இந்த ஏரியில் 'சிக்லிட்' என்ற குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் மட்டும் 700 வகைக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறு எந்த ஏரியிலும், ஆற்றிலும் கிடையாது. நீலம், மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, வரி போட்டது, புள்ளி வைத்தது... பார்த்தால் கடல் மீன் போலவே இருக்கும். ஆனால் அத்தனையும் நல்ல தண்ணீர் மீன்கள்.

நீங்கள் கடையில் பார்க்கும் ஏஞ்சல் மீனும் ஆஸ்கர் மீனும்கூட சிக்லிட் குடும்பம்தான். அவை தென் அமெரிக்கக் கிளை. இன்னொரு சிக்லிட்டை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள், பலர் சாப்பிட்டும் இருக்கிறீர்கள். அது யார் என்று கடைசியில் சொல்கிறேன். அதுவரை யோசியுங்கள்!

பலே கில்லாடிகள்!

ஆப்பிரிக்க ஏரி சிக்லிட்களுக்கு மூளை கொஞ்சம் அதிகம்தான். சில கில்லாடிகளை அறிமுகம் செய்கிறேன்.

செத்த மாதிரி நடிப்பவர்: மலாவி ஏரியில் ஒரு பெரிய சிக்லிட் உண்டு. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகப் பழுப்பு நிறம். அது மணலில் சாய்ந்து படுத்து, அசையாமல் கிடக்கும். அழுகிய மீன் என்று நினைத்துக் குட்டி மீன்கள் கொத்தித் தின்ன வரும். அவ்வளவுதான்! லபக்! அந்த ஊர் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்குத் 'தூங்குபவன்' என்று அர்த்தம்.

நத்தை வீட்டுக்காரர்: டாங்கனிகா ஏரியில் 4 செ.மீ., அளவே உள்ள ஒரு குட்டி சிக்லிட் இருக்கிறது. அது காலியான நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும். அதிலேயே முட்டையிட்டு, அதிலேயே பிள்ளை வளர்க்கும். ஆபத்து என்றால் சட்டென்று ஓட்டுக்குள் மறைந்துவிடும். வாடகையும் கிடையாது, வரியும் கிடையாது!

கோண வாய்க்காரர்: அதே ஏரியில் மற்ற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் சிக்லிட் ஒன்று உண்டு. அதில் சிலவற்றுக்கு வாய் இடப்பக்கம் கோணியிருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். ஒரு கூட்டம் எப்போதும் இரையின் இடப்பக்கம் தாக்கும், இன்னொன்று வலப்பக்கம் தாக்கும். ஒரு வகை அதிகமானால், இரை மீன்கள் அந்தப் பக்கத்தையே உஷாராகப் பார்த்துக்கொள்ளும். உடனே மற்ற வகைக்குக் கொண்டாட்டம்! அதனால் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்து வருகின்றன. மிச்சியோ ஹோரி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1993ல் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

இப்படிப்பட்ட மீன்களில் கொஞ்சம் சாதுவான வகைதான் எங்கள் மஞ்சள் மீன். கடையில் 'எலக்ட்ரிக் யெல்லோ' அல்லது 'யெல்லோ லேப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அறிவியல் பெயர் லேபிடோக்ரோமிஸ் செருலியஸ். இதில் ஒரு தமாஷ். 'செருலியஸ்' என்றால் லத்தீனில் நீலம்! ஏரியில் இந்த மீனில் நீலம் கலந்த வெள்ளை வகையும் உண்டு. பெயர் அதனால் வந்தது. புகழ் மஞ்சளுக்குப் போய்விட்டது.

நான் செய்த தவறு

போன வருடம் ஜூன் மாதம் என் பேரன், 'தாத்தா, மீன் தொட்டி வேணும்' என்று பிடிவாதம் பிடித்தான். சென்னையில் வண்ண மீனுக்குப் பெயர் பெற்ற இடம் கொளத்தூர். அங்கே வீட்டுக் கொல்லையிலும் மொட்டைமாடியிலும்கூடத் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டி, பம்ப், கல், மண் எல்லாம் வாங்கினோம். மஞ்சள் மீன் பத்துக் குஞ்சுகளைக் கேட்டேன்.

கடைக்காரர், 'சார், மீனை ஒரு மாசம் கழிச்சு வாங்கிக்குங்க. முதல்ல தொட்டி தயாராகட்டும்' என்றார்.

நான் கேட்டேனா? 'தண்ணி சுத்தமா இருந்தா போதாதா?' என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வாங்கி வந்துவிட்டேன். வாத்தியார் இல்லையா! யார் சொல்லிக் கேட்பது?

ஐந்து நாள் நன்றாக இருந்தன. ஆறாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அன்று மாலை ஒன்று செத்து மிதந்தது. பத்தாம் நாளுக்குள் நான்கு போய்விட்டன. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது!

'தாத்தா, நாமதான் கொன்னுட்டோமா?' என்று பேரன் அழுதுகொண்டே கேட்டான். 'நீ இல்லைப்பா. அவசரப்பட்ட நான்தான்' என்றேன். வேறு என்ன சொல்ல?

என்ன நடந்தது தெரியுமா? மீன் கழிவும், மிச்சமான உணவும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். கண்ணுக்குத் தெரியாது. இயற்கையில் இதைக் கவனிக்க இரண்டு வகை பாக்டீரியாக்கள் இருக்கின்றன. முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இரண்டாம் வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் போதும்.

இந்த நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். எங்கள் புதுத் தொட்டியில் அவை இல்லை. அதனால் மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறின. இன்னொரு சங்கதி. காரத்தன்மை உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும். மலாவி மீனுக்குத் தேவையானது காரத் தண்ணீர்தான். ஆகவே இந்த மீன் வளர்ப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

தலையைக் குனிந்துகொண்டு கடைக்காரரிடம் போனேன். அவர் கோபிக்கவில்லை. தன் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார். 'இதை உங்க தொட்டியில போடுங்க. தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. தீனியைக் குறைங்க' என்றார். அப்படியே செய்தோம். மீதி ஆறு மீன்கள் பிழைத்தன.

தொட்டி அமைக்கலாம், வாங்க!

நீங்கள் சரியாகச் செய்யுங்கள். பெரியவர்கள் யாராவது கூட இருக்க வேண்டும்.

1. தொட்டி அளவு: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். கணக்குப் போடுங்கள்: 3 x 1.5 x 1.5 = 6.75 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, சுமார் 191 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும்! ஆகவே ஆடும் மேஜை மேல் வைக்காதீர்கள். சின்னக் கண்ணாடிக் குடுவை இந்த மீனுக்கு உதவவே உதவாது.

2. கல்: தொட்டியின் அடியில் தெர்மோகோல் போட்டு, அதன் மேல் தொட்டியை வையுங்கள். உள்ளே முதலில் பெரிய கற்களை அடுக்கிவிட்டு, அப்புறம்தான் மணலைக் கொட்ட வேண்டும். ஏன்? இந்த மீன்களுக்கு மண்ணைத் தோண்டுவது பொழுதுபோக்கு. மணல் மேல் கல்லை வைத்தால், தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். கண்ணாடி உடைந்தால் வீடே ஏரி!

3. ஒளிய இடம்: மலாவி ஏரியின் கரையோரம் பாறை மயம். பாறை இடுக்கில் வாழும் இந்த மீன்களை அந்த ஊரில் 'இம்புனா' என்பார்கள். உடைந்த மண் சட்டி, துண்டு பிளாஸ்டிக் குழாய் எல்லாம் குகையாக உதவும். சட்டியின் கூர்மையான ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள்.

4. தண்ணீர்: பி.எச்., அளவு 7.7 முதல் 8.6 வரை இருக்கலாம். அதாவது லேசான காரம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீர் பல வீடுகளில் பொருந்தும். கடையில் கிடைக்கும் பரிசோதனைச் சொட்டு மருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள். காரம் குறைவாக இருந்தால், கழுவிய கிளிஞ்சல்களைக் கொஞ்சம் போடலாம். அவை மெதுவாகக் கரைந்து காரத்தைக் கூட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, அப்புறம் ஊற்றுங்கள்.

5. காத்திருங்கள்: பம்பும் ஃபில்டரும் ஓடட்டும். மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி, பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும். ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை பொறுமை! சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால், தொட்டி தயார்.

6. மாற்றும் முறை: வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிடுங்கள்.

முக்கியம்! தண்ணீரில் கை வைப்பதற்கு முன், எல்லா மின் இணைப்பையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். ஈரக் கையோடு ஸ்விட்ச் பக்கம் போகவே கூடாது.

ஏரியின் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் ஊரில் குளிரைவிட வெயில்தான் பிரச்னை. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கோடையில் தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வைத்து, காற்று பம்பை நன்றாக ஓட விடுங்கள். கரன்ட் போகும் ஊராக இருந்தால், பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

சாப்பாடும் சண்டையும்

பாறை மீன்களில் பல, பாறையில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டித் தின்பவை. எங்கள் மஞ்சள் மீன், பாறை இடுக்கில் உள்ள குட்டிப் பூச்சிகளையும் தேடித் தின்னும். ஸ்பைருலினா பாசி சேர்ந்த தீனி நல்லது. வேக வைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி, லேசாக வெந்த கீரை கொடுக்கலாம். ஆட்டு இறைச்சி, மாட்டு இறைச்சி வேண்டவே வேண்டாம். வயிறு உப்பிச் செத்துவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வாலை ஆட்டிக் கெஞ்சும். ஏமாந்துவிடாதீர்கள்! வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது உடம்புக்கு நல்லது. பாட்டி விரதம் இருப்பதில்லையா, அது மாதிரி.

ஆண் மீனுக்கு 'இந்தக் கல் என்னுடையது' என்ற எண்ணம் அதிகம். யார் வந்தாலும் துரத்தும். இரண்டு மூன்று மீன் மட்டும் இருந்தால், பலமான மீன் பலவீனமான மீனை அடித்தே கொன்றுவிடும். எட்டுப் பத்து மீன்கள் இருந்தால் அடி பங்கு போட்டுக்கொள்ளப்படும்! ஆண் குறைவாகவும் பெண் அதிகமாகவும் இருப்பது நல்லது. கல் இடுக்குகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அமைதி.

இன்னொன்று. வெவ்வேறு மலாவி மீன்களை ஒரே தொட்டியில் போட்டால், அவை ஒன்றோடொன்று கலந்து, இன்னதென்று சொல்ல முடியாத குஞ்சுகள் பிறக்கும். குஞ்சு எடுக்க ஆசை இருந்தால், ஒரே வகையை மட்டும் வளருங்கள்.

சாப்பிடாத மீன்

ஜனவரி மாதம். எங்கள் ஆறு மீன்களும் வளர்ந்து பெரிதாகிவிட்டன. இரண்டு ஆண், நான்கு பெண் என்று தெரிந்தது. ஒரு நாள் காலையில் பேரன் கத்தினான்: 'தாத்தா, ஒரு மீன் சாப்பிட மாட்டேங்குது!'

ஓடிப் போய்ப் பார்த்தேன். எல்லா மீனும் தீனிக்குப் பாய்கின்றன. ஒன்று மட்டும் சட்டி ஓரத்தில் நிற்கிறது. தாடை வீங்கியிருக்கிறது. எதையோ மெல்லுவது போல வாயை அசைக்கிறது. 'வந்துவிட்டது நோய்!' என்று பயந்து, மருந்து வாங்கக் கிளம்பினேன். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன். மருந்து ஊற்றுவதற்கு முன் கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். 'சார், அது நோய் இல்லை. வாயில முட்டை வச்சிருக்கு!'

ஆம்! இந்த மீன் முட்டையைக் கூட்டில் வைப்பதில்லை. தாயின் வாய்தான் கூடு, அதுதான் தொட்டில்.

எப்படி நடக்கிறது? ஆண் மீன் ஒரு தட்டையான கல்லைச் சுத்தம் செய்து, பெண்ணுக்கு முன் உடம்பை நடுக்கி ஆடிக் காட்டும். பெண் அங்கே ஓரிரு முட்டை இடும். இட்ட உடனே திரும்பி வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் வயிற்றுக்குக் கீழே உள்ள பின் துடுப்பில், முட்டை போலவே வட்டப் புள்ளிகள் இருக்கும். 'அடடா, ஒரு முட்டையை விட்டுவிட்டோமே!' என்று பெண் அதையும் எடுக்கப் போகும். அந்த நேரத்தில் ஆணின் உயிரணுக்கள் அதன் வாய்க்குள் போய், முட்டைகள் கருவுறும். வுல்ஃப்காங் விக்லர் என்ற விஞ்ஞானி 1962ல் கொடுத்த விளக்கம் இது.

வேலை முடிந்ததும் அப்பா மீன் நடையைக் கட்டிவிடும். அம்மாதான் எல்லாம். மூன்று வாரம் சாப்பாடு கிடையாது. வாய்க்குள் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி, நல்ல தண்ணீர் படும்படி பார்த்துக்கொள்ளும். அந்த மெல்லும் அசைவு அதுதான்!

இந்தத் தாயையும் ஏமாற்ற ஒருவர் உண்டு. டாங்கனிகா ஏரியில் ஒரு கெளுத்தி மீன், சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் பாய்ந்து வந்து தன் முட்டையையும் கலந்துவிடும். தாய் சிக்லிட் தன் முட்டை என்று அதையும் வாயில் வைத்துக் காக்கும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரித்து, சிக்லிட் குஞ்சுகளையே தின்னும்! காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயில் ஞாபகம் வருகிறதா? அதனால்தான் அதைக் 'குயில் கெளுத்தி' என்கிறார்கள்.

பேரன் காலண்டரில் தினம் ஒரு பென்சில் கோடு போட்டான். பொங்கல் வந்து போனது. வீட்டில் எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். அந்தத் தாய் ஒன்றும் சாப்பிடவில்லை. அதன் வயிறு ஒட்டிப் போனது. 'பாவம் தாத்தா, ஒரே ஒரு தீனி மட்டும் தின்னக் கூடாதா?' என்று பேரன் அதனிடமே கேட்டான்.

பதினெட்டாம் நாள் இரவு, விளக்கை அணைத்து, மெதுவாக அந்த மீனைப் பிடித்து, 40 லிட்டர் தொட்டிக்கு மாற்றினோம். அதே தண்ணீர், ஒரு சட்டி, ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச். பகலில் வலையோடு துரத்தினால், பயந்து முட்டையைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். அதனால்தான் இரவு.

இருபத்திரண்டாம் நாள் காலை, சட்டிக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு மஞ்சள் புள்ளிகள் நீந்தின. எண்ணினோம். பதினான்கு! ஒவ்வொன்றும் ஒரு செ.மீ., நீளம்தான். கண்ணாடி அருகே என் தலை தெரிந்ததும், அத்தனையும் அம்மாவின் வாய்ப் பக்கம் ஓடின. இரண்டு மூன்று உள்ளேயே புகுந்துகொண்டன. பேரன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

தாயைத் தனியாக இரண்டு மூன்று நாள் நன்றாகச் சாப்பிட வைத்துத் தெம்பு வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். உடனே மாற்றினால், மெலிந்திருப்பதைப் பார்த்து மற்றவை அடித்துவிடும். குஞ்சுகளுக்குத் தீனியைப் பொடியாக நுணுக்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பதினான்கும் பிழைத்தன.

'ஏரியில் விட்டுடலாமா தாத்தா?'

இரண்டு மூன்று மாதம் போனது. மற்றப் பெண் மீன்களும் குஞ்சு பொரித்தன. இப்போது நாற்பது மீன்கள்! இடம் இல்லை. ஒரு நாள் பேரன் யோசனை சொன்னான்: 'தாத்தா, இது ஏரி மீன்தானே? நம்ம ஏரியில விட்டுட்டா, சந்தோஷமா இருக்குமே!'

நல்ல மனசுதான். ஆனால், மிகப் பெரிய தவறு. ஏன் தெரியுமா?

முதலில் நான் கேட்ட விடுகதைக்கு வருவோம். நீங்கள் எல்லாரும் பார்த்த சிக்லிட் எது? நம் சந்தைகளில் விற்கும் ஜிலேபிக் கெண்டை! அதற்கு 'திலேப்பியா' என்றும் பெயர். அதுவும் ஆப்பிரிக்கச் சிக்லிட். மலாவி மக்கள் விரும்பிச் சாப்பிடும் 'சாம்போ' மீனின் சொந்தக்காரர். நம் ஜிலேபிக் கெண்டையும் குஞ்சுகளை வாயில் வைத்துத்தான் காக்கும். 1952ல், உணவுக்காக அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் நிறையப் பிழைத்தன. குளம், ஏரி, அணை என்று எங்கும் பரவி, நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. விட்டதைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியவில்லை.

விக்டோரியா ஏரியில் நடந்தது இன்னும் சோகம். அங்கே நூற்றுக்கணக்கான சிக்லிட் வகைகள் இருந்தன. 1950களில் 'நைல் பெர்ச்' என்ற மீனைக் கொண்டு வந்து விட்டார்கள். அது ஆள் உயரத்துக்கு மேல் வளரும் ராட்சசன். 1980களில் அது பல்கிப் பெருகி, சிக்லிட்களைத் தின்று தீர்த்தது. ஏரித் தண்ணீர் மாசுபட்டதும் சேர்ந்துகொள்ள, எத்தனையோ வகைகள் மறைந்தே போயின.

ஒரு ஆறுதல் உண்டு. அழியவிருந்த சில வகைகளை, வெளிநாட்டுக் காட்சிசாலைகளிலும் ஆர்வலர்களின் வீட்டுத் தொட்டிகளிலும் வளர்த்துக் காப்பாற்றி வருகிறார்கள். ஏரியில் இல்லாமல் போனது, கண்ணாடித் தொட்டியில் உயிரோடு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு மீன் தொட்டியும் தாயின் வாய் மாதிரி ஒரு தொட்டில்தான்!

நம் நாட்டுக்கும் சொந்த சிக்லிட் உண்டு. கேரளத்தின் மாநில மீனான 'கரிமீன்' சிக்லிட் குடும்பம்தான். நம் நீர்நிலைகள் அவற்றுக்கும் நம் கெண்டைகளுக்கும் சொந்தம். விருந்தாளியை முன் அறையில் உட்கார வைக்கலாம். வீட்டையே எழுதிக் கொடுக்கலாமா?

இதையெல்லாம் சொன்னதும் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'நான் யோசிக்கலையே தாத்தா' என்றான்.

நாங்கள் என்ன செய்தோம்? பாதி மீன்களைக் கடைக்காரரிடம் கொடுத்து, அதற்குப் பதில் தீனி வாங்கிக்கொண்டோம். பேரனின் நண்பன் ஒருவன் எட்டு மீன் கேட்டான். 'முதலில் தொட்டியைத் தயார் செய். அம்மோனியா பூஜ்யம் என்று காட்டு. அப்புறம் தருகிறேன்' என்று பேரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். எனக்கு ஒரே பெருமை! இப்போது முட்டை வைத்திருக்கும் தாயைத் தனியே பிரிப்பதில்லை. பெரிய தொட்டியிலேயே விட்டுவிடுகிறோம். இடுக்கில் ஒளிந்து பிழைப்பது ஒன்றோ இரண்டோதான்.

செய்து பாருங்கள்!

மீன் தொட்டி வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். ஊர்க் குளத்துக்குப் பெரியவரோடு போய், கரையிலிருந்தே பாருங்கள். ஜிலேபிக் கெண்டை இருந்தால், ஆழம் குறைந்த ஓரத்தில் தட்டு போல வட்டமான பள்ளங்கள் தெரியலாம். அவை ஆண் மீன் தோண்டியவை. எத்தனை பள்ளம், எவ்வளவு அகலம் என்று நோட்டில் எழுதி வாருங்கள். அதுவும் விஞ்ஞானம்தான்.

தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நான்கு குஞ்சு மீன்களை இன்னும் நான் மறக்கவில்லை. மூன்று வாரம் பட்டினி கிடந்து பிள்ளையைக் காப்பாற்ற ஒரு மீனால் முடிகிறது. ஒரு மாதம் காத்திருந்து மீனைக் காப்பாற்ற நம்மால் முடியாதா?

முடியும்தானே, செல்வங்களே!